அடர்தீவனம் கொடுத்துக் கிடா வளர்த்த 3 வருஷ அனுபவம்

செங்குன்றத்துக்கு அப்பால் எங்கள் கொட்டகை. பக்ரீத்தைக் கணக்கு வைத்து வருஷத்துக்கு 15, 20 மெட்ராஸ் சிவப்புக் கிடாக்குட்டிகள் வளர்க்கிறோம். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மறிதான். கம்பளி கிடையாது, நம் வெயிலைத் தாங்கும்.

முதல் வருஷம் வெறும் மேய்ச்சல். 11 கிலோவில் வந்த 3 மாதக் குட்டி, 4 மாதம் கழித்தும் 17 கிலோவைத் தாண்டவில்லை. அடுத்த வருஷம் மேய்ச்சலோடு தலைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம், அதாவது தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம் வைத்தோம். அதே 4 மாதத்தில் சராசரி 21 கிலோ. குட்டிக்குத் தீவனச் செலவு 800 ரூபாய்க்குள் முடிந்தது. கூடுதலாக ஏறிய எடை அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தது. அதனால் அடர்தீவனம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வருஷம்தான் ஒரு கிடாவை இழந்தோம். மலிவு என்று அரிசித் தவிட்டைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தேன். நல்ல கிடா ஒன்று முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நின்றது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தேன். 2 நாளில் போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொன்று அதேபோல நிற்கவும், லோடு ஆட்டோவில் ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். சிறுநீர்க் கல். குறியின் நுனியில் புழு மாதிரி தொங்கும் பகுதியில் அடைத்திருந்தது. டாக்டர் அதை வெட்டியதும் சிறுநீர் பீறிட்டது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, அந்தக் கோளாறுதான் கல்லாகிறது என்று விளக்கினார். கிடாவுக்குக் குழாய் குறுகல் என்பதால் ஆபத்தும் அதிகமாம். முதல் கிடாவையும் அன்றே தூக்கி வந்திருக்கலாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது 100 கிலோ அடர்தீவனத்துக்கு மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 20, சுண்ணாம்புத் தூள் 2, தாது உப்பு 2, உப்பு 1. தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்கும். தாது உப்பு வாங்கும்போது செம்மறிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கானதில் தாமிரம் கூடுதல், செம்மறிக்கு அது விஷம்.

பசுந்தீவனத்துக்கு வேலிமசால். வரப்பு ஓரமாகப் போட்டது, வெட்ட வெட்டத் தழைக்கிறது. அப்புறம், கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைச் சும்மா தருகிறார்கள் என்று கொண்டுவந்து கொட்டாதீர்கள். வயிறு புளித்து ஒரே ராத்திரியில் ஆடு சாயும்.

இந்த வருஷம் 18 குட்டி வாங்கியிருக்கிறோம். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று. முதல் வாரம் தலைக்கு 50 கிராம்தான். 200-க்கு ஏற்ற 3 வாரம் எடுத்துக்கொள்வோம்.