ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? ஹோஸ்டிங் வாங்கும் முன் ஒரு கணக்கு

நம் இணையதளத்தைச் சர்வரில் வைக்க இடம் தருவதுதான் ஹோஸ்டிங். அதன் விளம்பரம் என்றால் எஸ்எஸ்டி என்ற சொல்லும் பக்கத்திலேயே ஒரு ராக்கெட் படமும் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. ராக்கெட் பொய்யில்லை. ஆனால் எல்லா வேலைக்கும் அது பறக்காது.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. ஒரு கையின் நுனியில் இருக்கும் ஹெட் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். தேடும் இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெகண்ட் சொச்சம். ஹெட் சரியான தடத்துக்குப் போக இன்னொரு 8 அல்லது 9. ஆக, ஒரு துண்டை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். நொடிக்குச் சுமார் 80 துண்டுகள். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்குக்கு இதே வேலைக்கு 600 மில்லிசெகண்ட் பிடித்தது. கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது, தேடும் வேகம் மட்டும் 50 மடங்கோடு நின்றுவிட்டது. தட்டும் கையும் இருக்கும்வரை வேறு வழியில்லை.

எஸ்எஸ்டியில் சுழல எதுவும் கிடையாது, எல்லாம் கரண்ட் இல்லாவிட்டாலும் தரவை வைத்திருக்கும் ஃபிளாஷ் சிப். சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டி கூட நொடிக்குப் பல்லாயிரம் சின்னத் துண்டுகளை எடுத்துத் தரும்.

இந்த இடத்தில் பலர் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்பி கணக்கில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 200 தாண்டும், சாட்டா எஸ்எஸ்டி 550-ஐத் தொடும். ‘இவ்வளவுதானா வித்தியாசம்?’ என்று தோன்றும். அது ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும் வேகம். ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் அப்படி வேலை செய்வதில்லை. அங்கே நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மூலையிலிருந்து, சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி ஒரு தடவை படிக்கும் துண்டு வழக்கமாக 16 கேபிதான். நொடிக்கு 80 என்ற வாசலில் இத்தனை பேரும் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுத் தளம் பேக்கப் எடுக்கிற நேரத்தில் நம் தளம் திணறும்.

சரி, மாற்றிவிட்டால் எல்லாம் பறக்குமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வேர்ட்பிரஸ் தளத்தை எஸ்எஸ்டி சர்வருக்கு மாற்றிவிட்டு முகப்பைத் திறந்தேன். பழைய வேகம்தான்! அடிக்கடி கேட்கப்படும் பக்கம் எந்தச் சர்வரிலும் பெரும்பாலும் ரேமிலேயே இருக்கும். டிஸ்க் வரை போகிற வேலையே இல்லை. வித்தியாசம் தெரிந்தது அட்மின் பக்கத்தில்தான். யாரும் சீந்தாத பழைய பதிவுகளைத் தேடியபோது சட்டென்று வந்து விழுந்தன. முகப்பு இழுத்ததற்குக் காரணம் நானே ஏற்றிவைத்த பெரிய படங்கள். அதற்கு டிஸ்க் என்ன செய்யும்?

எழுதும் வேலையிலும் ஃபிளாஷ் கொஞ்சம் வம்பு பிடித்தது. ஏற்கெனவே எழுதிய இடத்தில் நேராக மேலெழுத முடியாது, மொத்தமாக ஒரு பிளாக்கை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எத்தனை முறை அழிக்கலாம் என்பதற்கும் அளவுண்டு. அதனால்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான மலிவு எஸ்எஸ்டியைச் சர்வரில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. சர்வர் ரகங்கள் அதிக எழுத்தைத் தாங்கும். கரண்ட் போனால் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்க உள்ளேயே கெபாசிட்டரும் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் பல நேரம் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

எனவே டேட்டாபேஸுக்கும் தளத்தின் ஃபைல்களுக்கும் தயங்காமல் எஸ்எஸ்டி. சாட்டாவை விட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இ கிடைத்தால் இன்னும் நல்லது. சாட்டா டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் பழைய ஏஹெச்சிஐ முறையில் 32 கட்டளை கொண்ட ஒரே வரிசை. என்விஎம்இயில் 64 ஆயிரத்துக்கு மேல் வரிசைகளுக்கு இடமுண்டு. பேக்கப்புக்கும் பழைய லாகுகளுக்கும் (சர்வரின் நடவடிக்கைக் குறிப்புகள்) ஹார்ட் டிஸ்க்கே போதும். அங்கே வேகத்துக்கு அவசரமில்லை, அதே காசுக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும்.

பணம் கட்டும் முன் ஹோஸ்டிங்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டேட்டாபேஸும் எஸ்எஸ்டியில்தானா, அல்லது கேஷ் (அடிக்கடி கேட்பவற்றின் தற்காலிக நகல்) மட்டுமா? நம் கணக்குக்கு ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை தடவை படிக்கலாம், எழுதலாம்) வரம்பு எவ்வளவு? அந்த வரம்பை இறுக்கி வைத்திருந்தால், அடியில் என்விஎம்இயே ஓடினாலும் நமக்குக் கிடைப்பது அந்த வரம்புதான்.