புள்ளி வைக்காத பென் டேப்லெட்

என்னுடைய பென் டேப்லெட், அதாவது லெப்டொப்போடு இணைத்துப் பேனாவால் எழுதினால் திரையில் காட்டுகிற பலகை, கோடு போடும், வட்டம் போடும், சைன் வளையியை வழுக்கிக்கொண்டு வரையும். புள்ளி என்றால் மட்டும் அதன் இஷ்டம். நான் 3.5 என்று எழுதினால் திரையில் 35 நிற்கும். சூமில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சந்தேகமே இல்லாமல் 35 என்று கொப்பியில் எழுதிவிடுவார்கள்.

படம் வரைபவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி உயர்தரத்துக்கு இணைந்த கணிதமும் சாதாரண தரத்துக்குக் கணிதமும் படிப்பிக்கிற எனக்கு அப்படி விட முடியவில்லை. தசமத்தோடு முடிகிற கதையா இது? மீளும் தசமத்தில் இலக்கத்தின் தலையில் புள்ளி. காவிகளில், அதாவது வெக்டர்களில், புள்ளிப் பெருக்கம். இயக்கவியலில் எக்ஸின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் வேகம், இரண்டு வைத்தால் வேகம் மாறும் வீதமான ஆர்முடுகல். ஒன்று தொலைந்தால் ஆர்முடுகலே வேகமாகிவிடும். கேத்திரகணித நிறுவலில் வரிக்கு வரி வருகிற ‘ஆகவே’ குறிக்கு மூன்று புள்ளி வேண்டும். அதில் இரண்டு விழுந்து ஒன்று விழாவிட்டால், சரிந்து நிற்கிற விகிதக் குறி மாதிரி ஏதோ ஒன்று வரும். தமிழில் விளக்கம் எழுதினால் ‘சமன்பாடு’ என்பது ‘சமனபாடு’ ஆகும். ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், ஓலை பொத்துப்போகும் என்று சொல்வார்கள். அவர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் பேனா விழித்துக்கொண்ட பிறகுதான். முனை ஓரளவு அழுந்தினால்தான் அது விழிக்கும். புள்ளி வைக்கிற கையோ அழுத்தாது, தொட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். சரி, ஊன்றி வைப்போம் என்று ஒரு கணம் அழுத்திப் பிடித்தால் விண்டோஸ் அதை வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறது. பேனாவைச் சுற்றி ஒரு வளையம் ஓடும், கையை எடுத்ததும் மவுஸின் வலது பொத்தானை அமர்த்தினால் வருகிற பட்டியல் கேள்வியின் நடுவில் திறந்து நிற்கும். மெதுவாகத் தொட்டால் ஒன்றுமே இல்லை, அழுத்தினால் பட்டியல்!

திருத்த வழி இல்லாமலும் இல்லை. கன்ட்ரோல் பேனலில் பேனாவுக்கும் தொடுகைக்குமான பகுதியில் அழுத்திப் பிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டால் வளையம் போகும். டேப்லெட்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளில் அழுத்தக் கோட்டை மென்மைப் பக்கம் இழுத்தால் புள்ளியும் முன்னையதைவிட நன்றாக விழும். ஆனால் டிரைவரைப் புதுப்பித்தால் என் அமைப்புகள் எல்லாம் பழையபடி. அது நடந்திருப்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரியும்.

அதனால் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போடப் பழகிக்கொண்டேன். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் குட்டி வட்டம் போடத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையின் விடைத்தாளில் 30க்குப் பக்கத்தில் இருந்த வட்டம் தசமமா பாகையா என்று தெரியாமல் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அதைத் திருத்துகிறவர் அவ்வளவு நேரம் பார்ப்பாரா?

நியாயமாகவும் சொல்ல வேண்டும். இந்தப் பேனாவில் பற்றரி இல்லை. டேப்லெட்டின் அடியில் இருக்கும் கம்பி வலை அனுப்பும் மின்காந்த அலையிலிருந்து பேனாவுக்குள் இருக்கும் சுருள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. டேப்லெட்டுக்கு லெப்டொப்பின் யுஎஸ்பி போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது லெப்டொப்பில் சார்ஜ் இருக்கும் வரை இதுவும் எழுதியது. ஓபன்போர்டில் எழுதியதை வகுப்பு முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். அந்த மென்பொருள் இலவசம், அதன் வேர் சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வெட்டுவது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள்.

போன மாதம் வயர் செருகும் இடம் ஆடிப்போய் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. பம்பலப்பிட்டியில் போன் திருத்தும் ஒரு தம்பி ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். இப்போது உறுதியாக இருக்கிறது. கையோடு புள்ளியும் சரியாகியிருக்கும் என்று வீட்டுக்கு வந்து ஆசையாக எழுதிப் பார்த்தேன். 35.

கொட்டாஞ்சேனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நண்பர், விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நேற்றுக் கேட்டார். வேண்டாம் என்றேன். போனை ஒரு ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்துத் தாளில் எழுதிக் காட்டுங்கள், தாளில் வைத்த புள்ளி தாளிலேயே இருக்கும் என்றேன். “அப்ப உங்கட டேப்லெட்டை எனக்குத் தாங்கோவன் சேர், பாதி விலைக்கு எடுக்கிறன்” என்றார்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காவி வகுப்பு இருக்கிறது.