ஒரே கன்சோல், இரண்டு பேர்: நான்கு வருட கான்சர்வர் அனுபவம்

வீடு ராயபுரம், நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் திருவொற்றியூரில் ஒரு சரக்கு ஆபீசில். அங்கே சர்வர் ரூமில் ஒரு தம்பி இருப்பான். நெட்வொர்க்கே எழாத மெஷினுக்கு சீரியல் கன்சோலை (சீரியல் போர்ட் வழியாக மெஷினின் எழுத்துத் திரையைப் பார்த்து கட்டளை அடிக்கும் வழி) விட்டால் வேறு வழியில்லை, அதை அவனும் நானும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றாக முயன்று கடைசியில் வந்து நின்றது கான்சர்வரில், ஒரே கன்சோலைப் பலர் சேர்ந்து பார்க்க வைக்கும் மென்பொருள் அது.

முதலில் ஐபிஎம்ஐ-யில் (சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்த அதன் போர்டிலேயே தனியாக இயங்கும் வசதி) வரும் சீரியல் ஓவர் லேன், அதாவது சீரியல் கன்சோலை லேன் வழியாகக் காட்டுவது. எங்கள் சர்வரில் ஒரு நேரத்துக்கு ஒரு செஷன்தான். நான் அதை டீஆக்டிவேட் செய்து நுழைந்தால் அவன் திரை செத்துவிடும், காரணம் தெரியாமல் லேன் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவான்.

அப்புறம் 'ஸ்கிரீன் -எக்ஸ்' (screen -x), ஒரே டெர்மினலை இருவர் பகிரும் கட்டளை. இருவருக்கும் தெரிந்தது, ஆனால் இருவரும் அடிக்கவும் முடிந்தது. ஒருநாள் எஃப்எஸ்சிகே (fsck, டிஸ்க்கில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் புரோகிராம்) 'சரிசெய்யட்டுமா' என்று கேட்க, அவன் ஒரு ஒய் (y, 'சரி'), நான் ஒரு ஒய். இரண்டாவது ஒய் நாங்கள் படிக்கவே படிக்காத அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய்விட்டது. "அண்ணா, நீங்க ஏதாவது அடிச்சீங்களா?" என்று போனில் கேட்டான், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கான்சர்வர். ரூமிலேயே ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர், இரண்டு மெஷின்களை நேராக இணைக்கும் நல் மோடம் (null modem) கேபிள், விநாடிக்கு 115200 பிட் வேகம். தம்பி அந்தப் பெட்டியின் கீபோர்டில், நான் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக. எழுதும் உரிமை ஒருவருக்குத்தான், மற்றவர் பார்க்கலாம். கன்ட்ரோல்-இ, சி, எஃப் அடித்தால் உரிமை கைமாறும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருவில் தண்ணீர், என்னால் வீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. அங்கே கரண்ட் திரும்பியதும் டேட்டாபேஸ் சர்வர் மறுபடி எஃப்எஸ்சிகே-யில் நின்றது. மொபைல் டேட்டாவில் பாதி வேலை முடிப்பதற்குள் என் லைன் போய்விட்டது, செஷன் மட்டும் எழுதும் உரிமையோடு அங்கேயே தொங்கியது. தம்பி எஃப் அடித்து எடுத்துக்கொண்டு, நான் விட்ட கேள்வியிலிருந்தே தொடர்ந்தான். திரும்ப வந்ததும் கன்ட்ரோல்-இ, சி, ஆர் அடித்தேன், கடைசி 20 வரிகள் வந்தன. அதற்கு முந்தையதெல்லாம் லாக் ஃபைலில் இருந்தது. அன்றைக்கு இந்த ஒரு வசதிக்காகவே கான்சர்வரை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பயோஸ், கிரப் (லினக்ஸைத் துவக்கும் புரோகிராம்), கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) மூன்றிலும் சீரியலைத் தனித்தனியாக இயக்க வேண்டும். கெர்னலுக்குக் கொடுக்கும் துவக்க வரியில் டிடிஒய்-எஸ்0-வை (ttyS0, முதல் சீரியல் போர்ட்) கடைசி கன்சோலாகப் போடுங்கள், கடைசியாக வருவதுதான் முதன்மை கன்சோல் ஆகும். கடல் காற்றில் சீரியல் கேபிளின் டிபி9 (ஒன்பது பின்) கனெக்டரின் பின்கள் பச்சை பிடிக்கின்றன, கேபிளை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

முக்கியமான ஒன்று. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்துவிட்டு லாக்அவுட் செய்யாமல் துண்டித்தால், அடுத்து யார் கன்சோலைத் திறந்தாலும் அந்த ரூட் ஷெல்லே (கட்டளை அடிக்கும் இடம்) கிடைக்கும். ரூட்டின் ப்ரொஃபைல் ஃபைலில் டிஎம்அவுட் (TMOUT) 300 விநாடி என்று போட்டு வைத்திருக்கிறேன், ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் ஷெல் தானாக மூடிக்கொள்ளும்.