ராத்திரி வயிற்றுவலிக்கு இங்கே வரலாம்: நாலு ஸ்டார்

என் மாமனாருக்காக இந்தப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் அவராகவே வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிற ஆள். சொன்னால் கேட்டால்தானே! ஒரு சாயங்காலம் திடீரென்று மேல்வயிற்றில் வலி. தெருமுனை கிளினிக்கில் 'கேஸ்' என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரிக்குள் வயிறு முழுக்க வலி பரவி, புரளக்கூட மாட்டேன் என்று அப்படியே கிடந்தார். காரில் ஏற்றி ஆல்பேட்டை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்தோம். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் அலறல்.

எமர்ஜென்சியில் டியூட்டி சர்ஜன் கேட்டதே அதைத்தான்: "வண்டி தூக்கிப்போட்டப்போ வலி ஜாஸ்தியாச்சா?" மெதுவாகக் கை வைத்துப் பார்த்தார். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே. கல்லீரலுக்கு மேலே கறுப்பாகப் பிறை போல ஒரு கோடு. அது காற்று, குடலில் ஓட்டை விழுந்து வெளியே வந்திருக்கிறது என்று படத்தைக் காட்டியே விளக்கினார். வலி மாத்திரையால் வந்த புண் வெடித்திருக்கிறதாம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், மூக்கில் டியூப் எல்லாம் ஆரம்பித்துவிட்டார்கள். இதற்காகவே மூன்று ஸ்டார்.

விடிவதற்குள் ஆபரேஷன். வயிற்றுக்குள் திரை போலத் தொங்கும் கொழுப்பை இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்து, உள்ளே பரவியிருந்த அழுக்கை சலைன் விட்டுக் கழுவினார்களாம். கிருமி ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்கியதால் ஐசியூவில் வென்டிலேட்டர், கழுத்து ரத்தக்குழாய் வழியாக பிரஷரை ஏற்றும் மருந்து. மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதினார்கள். கிட்னி தாங்குகிறதா என்று அதில்தான் தெரியுமாம். தினமும் ஒரு டாக்டர் வெளியே வந்து, பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் நிலைமையைச் சொன்னார்.

வார்டுக்கு வந்த பிறகு ரவுண்ட்ஸில் முதல் கேள்வி: "ஐயா, காத்து பிரிஞ்சுதா?" மருமகள் முன்னால் என்ன பதில் சொல்வார், பாவம்! குடல் வேலை செய்ய ஆரம்பித்ததா என்று பார்ப்பதற்காம். அப்புறம்தான் வாயில் தண்ணீரே கொடுத்தார்கள். மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்சிப் பந்துகளை மேலே தூக்கச் சொல்லி நர்ஸம்மா விடவே இல்லை. நெஞ்சில் சளி கட்டாமலிருக்க அது அவசியமாம்.

ஒரு ஸ்டார் குறைத்தது பார்மசிக்கு. ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும், நடு ராத்திரியிலும். ஐசியூ வாசலில் இத்தனை குடும்பத்துக்கும் ஒரே பிளக் பாயின்ட். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷ். வலி மாத்திரையை இனித் தொடக்கூடாது, புண் உண்டாக்கும் வயிற்றுக் கிருமிக்கான மாத்திரையை இரண்டு வாரமும் விடாமல் போட வேண்டும் என்ற இரண்டு வரியையாவது தமிழில் அடித்துக் கொடுங்கள். மாமனார் நான் சொன்னால் நம்பமாட்டார்.