ஆராவின் தராசு: 'ஃப்ரீரன்' 9, 10ஆம் எபிசோடுகள்

மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தயாரித்த 'ஃப்ரீரன்' (2023) ஜப்பானிய அனிமே தொடரில் வில்லி ஆரா தலைகாட்டுவது கொஞ்ச நேரம்தான். ரசிகர் பட்டாளமோ நாயகிக்கே சவால் விடும்! காரணம் அந்தத் தராசு. தன் ஆன்மாவையும் எதிரியின் ஆன்மாவையும் தட்டில் வைப்பாள். மாயசக்தி குறைந்தவர் மற்றவருக்கு அடிமை. மன உறுதியால் எதிர்க்காமலிருக்கத் தலையைச் சீவிவிட்டு, முண்டங்களைப் படையாக நடத்துவாள். ஆயிரம் ஆண்டாகச் சக்தியை ஒளித்துப் பழகிய, நெடுங்காலம் வாழும் எல்ஃப் இனத்து நாயகி ஃப்ரீரனிடம் அதே தராசு கவிழ்கிறது. ஆராவின் 500 வருடத் திமிர் கண்ணீராகும் அந்தக் கட்டத்திலேயே ரசிகர்கள் பலர் அவளிடம் மயங்கிவிட்டார்கள். படையில் நிற்பதெல்லாம் பிணங்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

சண்டையில்தான் குறை. பத்தாவதில் முடிவுக்கு முன் ஃப்ரீரனின் குரு ஃப்ளாமே காலத்து ஃபிளாஷ்பேக் நீள, பதற்றம் வடிந்துவிடுகிறது. ஒன்பதாவதில் ஃப்ரீரனின் கூட்டாளி வீரன் ஸ்டார்க், ஆராவின் கையாள் லினியே கோடரி மோதலின் வேகம் அபாரம். ஆனால் லினியேவின் அடியை நேராக வாங்கியும் ஸ்டார்க் நிற்பது நம்பும்படி இல்லை.