ஜிஎக்ஸ் வொர்க்ஸ்2-ஆ, வொர்க்ஸ்3-ஆ? பழைய மிட்சுபிஷி பிஎல்சி ஓடும் ஃபேக்டரிக்கு எது சரி?

பினாங்கு பிறையில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் மூன்று தலைமுறை மிட்சுபிஷி பிஎல்சி (மெஷினை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) ஓடுகிறது. பேக்கிங் லைனில் எஃப்எக்ஸ்2என், அதற்குப் பிறகு வந்த மெஷின்களில் எஃப்எக்ஸ்3யு, புதிய கன்வேயரில் எஃப்எக்ஸ்5யு. மெயின்டனன்ஸுக்குப் புது லேப்டாப் வந்தபோது இவற்றின் புரோகிராமை எழுதவும் பார்க்கவும் மிட்சுபிஷியின் எந்த சாஃப்ட்வேரை நம்புவது, ஜிஎக்ஸ் வொர்க்ஸ்2-ஆ, வொர்க்ஸ்3-ஆ என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் ஓட்டு வொர்க்ஸ்2-க்கு.

வொர்க்ஸ்2-க்கு முந்தைய சாஃப்ட்வேரான ஜிஎக்ஸ் டெவலப்பர், ஏ சீரிஸ் என்ற பழைய பிஎல்சி வைத்திருப்பவர்களுக்குத்தான் இன்னும் தேவை; அந்த சீரிஸை வொர்க்ஸ்2 தொடாது. எங்களிடம் ஏ சீரிஸ் இல்லை. டெவலப்பரில் எழுதிய ஃபைலை வொர்க்ஸ்2 திறந்துவிடும், சிமுலேட்டரும் உள்ளேயே இருக்கிறது. அதனால் டெவலப்பர் வேண்டுமா என்ற பேச்சு அதோடு முடிந்தது.

வொர்க்ஸ்3 அருமையான சாஃப்ட்வேர். லேபிள் (நம்பருக்குப் பதில் பெயர்), ஃபங்ஷன் பிளாக் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் புரோகிராம் துண்டு) என்று புதிதாக மெஷின் கட்டுபவர்களுக்குக் கை கொடுக்கும். ஆனால் அது எஃப்எக்ஸ்5, ஐக்யூ-ஆர் (பெரிய லைன்களுக்கான பிஎல்சி) தலைமுறைக்கானது. எஃப்எக்ஸ்3யு-வில் கேபிளை மாட்டிவிட்டு வொர்க்ஸ்3-இல் ஆன்லைன் போக (பிஎல்சியோடு நேரடியாகப் பேச) முடியாது. வொர்க்ஸ்2 ஃபைலை அதில் திறக்கலாம், ஆனால் திறந்ததும் அது எஃப்எக்ஸ்5 புரோகிராமாக மாறிவிடும். பழைய பிஎல்சிக்குள் அதை மறுபடி இறக்க வழியில்லை.

மெயின்டனன்ஸ் வேலையில் எனக்கு முடிவைச் சொன்னது கமென்ட்தான், அதாவது ஒவ்வொரு நம்பரும் எது என்று புரோகிராமில் எழுதிவைக்கும் குறிப்பு. எஃப்எக்ஸ்2என்-க்குள் புரோகிராமுக்கு இருக்கும் இடமே 8,000 ஸ்டெப். கமென்டும் உள்ளே போக வேண்டுமென்றால் அந்த இடத்திலிருந்தே 50 கமென்டுக்கு 500 ஸ்டெப் விட்டுக்கொடுக்க வேண்டும். மெஷின் கட்டியவர்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ராத்திரி லைன் நின்று, பிஎல்சியிலிருந்து புரோகிராமை ரீட் செய்தால் எக்ஸ்5 (ஒரு இன்புட்), எம்120 (உள்ளே இருக்கும் ஒரு ரிலே) என்று வெறும் நம்பராக வரும். "அண்ணே, இந்த எக்ஸ்5 எந்த சென்சர்?" என்று ஷிஃப்ட் டெக்னீஷியன் கேட்டால், வயரைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

வொர்க்ஸ்2-இல் நான் இப்படிச் செய்கிறேன். கமென்டோடு சேமித்து வைத்த புராஜெக்டைத் திறந்து, முதலில் பிஎல்சியோடு வெரிஃபை போடுவேன் (இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்). யாராவது இடையில் ஏதாவது மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் புரோகிராமை மட்டும் டிக் செய்து ரீட் செய்வேன். கமென்டை டிக் செய்யக் கூடாது. லேடர் (படமாக வரைந்த புரோகிராம்) புதிதாக வரும், கமென்ட் பழையபடி அதனதன் இடத்தில் நிற்கும். பிறகு தேதி போட்டு வேறு பெயரில் சேவ் செய்துவிடுவேன். எஃப்எக்ஸ்2என், எஃப்எக்ஸ்3யு இரண்டுக்கும் இதே திரை, இதே எட்டு பின் வட்ட போர்ட், இதே கேபிள். டெக்னீஷியன்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

எஃப்எக்ஸ்5யு-வுக்கு வொர்க்ஸ்3 இல்லாமல் முடியாது. ஆனால் இரண்டுக்கும் மாறி மாறி வேலை செய்பவர்கள் டைமரில் கவனமாக இருக்க வேண்டும். எஃப்எக்ஸ்3யு-வில் டைமர் 200-க்கு கே50 (50 என்ற எண்) கொடுத்தால் அரை விநாடி, ஏனென்றால் 200 முதல் 245 வரை 10 மில்லிசெகண்ட் டைமர். எஃப்எக்ஸ்5யு-வில் வேகம் நம்பரில் இல்லை, இன்ஸ்ட்ரக்‌ஷனில் இருக்கிறது. அதே வரியை சாதாரண அவுட் என்று அடித்தால் ஐந்து விநாடி ஆகிவிடும். அரை விநாடி வேண்டுமென்றால் அவுட்எச் என்று அடிக்க வேண்டும். சிலிண்டர் தள்ளும் இடத்தில் இந்த வித்தியாசம் ஆபத்து.

ஐக்யூ-ஆர் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. பெரிய சர்வோ லைன் வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கும்போது மட்டும் வொர்க்ஸ்3 லைசென்ஸாகவே கேளுங்கள். வொர்க்ஸ்2 அதோடு சேர்ந்தே வருகிறது, தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.