விளம்பரமா, தலைப்பா?

நாகர்கோவிலில் இருந்து அமேசானில் வாழைக்காய் சிப்ஸ் விற்கிறவர்களுக்கு இரண்டு வழி. விளம்பரத்துக்குக் காசு கொடுத்துத் தேடல் பட்டியலில் மேலே வருவது ஒன்று. கிளிக்குக்குக் காசு, பார்த்தவர் வாங்காமல் போனாலும் கழியும். நிறுத்தினால் அந்த இடமும் போச்சு.

மற்றது பொருளின் பக்கத்தைச் சரிசெய்வது. நாம் 'ஏத்தங்காய்' என்போம். வெளியூர்க்காரர் தேடுவது 'நேந்திரம் சிப்ஸ்'. தலைப்பில் அவர் சொல், வாங்குபவர் கண்ணில் படாத தேடல்சொல் பெட்டியில் நம் சொல். தேங்காய் எண்ணெயில் பொரித்தது, 250 கிராம் என்பதும் தலைப்பிலேயே வரட்டும். முதல் படத்தில் வெள்ளைப் பின்னணி, படத்தின் 85 சதவீதத்தைப் பாக்கெட் நிறைத்திருக்க வேண்டும்; வாழையிலை அலங்காரமெல்லாம் அடுத்த படங்களுக்கு.

என் ஓட்டு இந்த இரண்டாவது வழிக்குத்தான். விமர்சனமே இல்லாத புதுச் சரக்குக்குப் பத்து நாள் விளம்பரம் போடலாம், சரி. மங்கலான படத்தோடு போட்டால் கிளிக் வரும், ஆர்டர் வராது.